பெத்தாவின் கைநாட்டு

அம்மாவின் றங்குப்பெட்டியில் ஒரு சீதன உறுதி, அதாவது சீதனமாக வீடு வளவை எழுதிக்கொடுத்த பத்திரம், இருக்கிறது. 1951ஆம் ஆண்டு எழுதியது. நாலாக மடித்து மடித்தே மடிப்பு ஓடிய இடங்கள் கிழிந்துபோய்விட்டன. ஒரு பாதி முழுக்கத் தேத்தண்ணீர் ஊற்றியதுபோல் பழுப்பேறிக் கிடக்கிறது. 1978இல் புயல் அடித்த இரவில் நனைந்த பழுப்பு அது. அடியில் நொத்தாரிசின் கையெழுத்து, சாட்சிக்காரர் இருவரின் கையெழுத்து, அவற்றுக்குக் கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் அடையாளம். ரேகைகளை இன்னும் எண்ணலாம். அது பெத்தாவின் விரல். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

பெத்தா என்றால் அம்மாவின் அம்மா. மற்ற ஊர்களில் அம்மம்மா, ஆச்சி, பாட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் பெத்தாதான்.

அவருடைய வாழ்க்கையை வைத்து ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதினேன். இந்த மாரியோடு முடிந்தது. கையெழுத்துப்படியை வாசித்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது நடந்த கதையா, நீ கட்டின கதையா?" ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி அனுப்பினேன். எந்தப் பதிலும் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நாவல் எழுதும் எண்ணமே இல்லை. வாழ்க்கை வரலாறு என்றுதான் தொடங்கினேன். கச்சேரி, பிரதேச செயலகம், கோயில் என்று கடதாசி தேடி அலைந்தேன். கிடைத்ததெல்லாம் அம்மப்பாவின் பெயரில் கிடைத்தது. கூப்பன் புத்தகத்தில் அவர். வாக்காளர் இடாப்பில் முதல் பெயர் அவர். அரசாங்கம் கொடுத்த வயற்காணியின் அனுமதிப்பத்திரத்திலும் அவர். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கொடுத்த பத்திரம். யாரையும் பின்னுரித்தாளராகக் குறிக்காமல் ஒருவர் இறந்துவிட்டால், பெண்சாதி உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கலாம். அதற்குப் பிறகு சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகளுக்கு முன்னால் மகன் வந்து நிற்பான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அம்மப்பா யாரையும் குறிக்காமல் போனவர், ஆகவே வயல் மூத்த மாமாவுக்குப் போனது. மாமா நல்லவர், அவர்மேல் குறையில்லை. ஆனால் அந்த வயலில் நாற்பது வருடம் புல்லுப் பிடுங்கி, வெட்டுக்காரருக்குச் சோறு சுமந்த பெத்தாவின் பெயர் எந்தத் தாளின் ஓரத்திலும் இல்லை.

அவருடையது என்று ஒரேயொரு தாள். அந்தச் சீதன உறுதி.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. குடி என்று நாங்கள் சொல்லும் குலம் தாயின் வயிற்றுவழி வருகிறது. கோயில் சடங்கில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பதும் அந்த வழியில்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீட்டைக் கொடுத்தபின் தாய் தகப்பன் அதே வளவில் சின்ன வீடொன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். தாய்வழிச் சொத்துரிமைக்கு முக்குவர் சட்டம் என்று ஒன்று முன்பு இங்கே இருந்தது. 1876இல் வந்த கட்டளைச் சட்டத்தோடு அது நீதிமன்றத்தில் இல்லாமல் போனது. வழக்கம் மட்டும் போகவில்லை. நான் இருக்கும் வீடு அம்மாவுடையது, அம்மாவுக்கு முன் பெத்தாவுடையது, அதற்கு முன் பூட்டியுடையது.

இதெல்லாம் தெரிந்தே வளர்ந்தவள் நான். இருந்தும் என் முதல் வரைவு அம்மப்பா பிறந்த கதையோடு தொடங்கியது. குடும்ப நாவல் என்றால் அப்படித்தான் தொடங்கும் என்று வாசித்து வந்த பழக்கம்: பாட்டன் வந்தான், காடு வெட்டினான், வீடு கட்டினான். எங்கள் வீட்டுக் கதையில் அம்மப்பா வந்தவர். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் கல்லடிப் பக்கம் பிறந்து, பாதை ஏறி மேற்குக் கரையான படுவான்கரைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவையை. வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் ஊர்களுக்குப் பாதைதான் வாசல்.

கதையின் நடுவில் இருந்த பெண் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. வந்தவர் போனவர் எல்லாம் மற்றவர்கள். இது விளங்கிய நாளில் நூற்றுப்பத்துப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, உறுதியில் இருந்த எல்லைகளில் இருந்து மறுபடி தொடங்கினேன். வடக்கே இன்னாரின் வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே கோயில் காணி, கிழக்கே ஆறு, வடகிழக்கு மூலையில் புளியமரம். நாவலின் முதல் வரி இப்போது அதுதான்.

சரி, எங்கே தொடங்குவது என்பது தெரிந்துவிட்டது. எந்தக் குரலில் சொல்வது என்பது தெரியவில்லை.

பெத்தா 2012இல் இறந்துபோனார். அதற்கு முந்திய வருடங்களில் அவர் பேசியதைத் தொலைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். மொத்தம் நாலரை மணி நேரம். அதை எழுத்தாக்கும்போது, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று 'மறுகா' வந்த இடத்திலெல்லாம் 'பிறகு' என்று போட்டேன். மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு என்றுதான் பொருள், பிழையில்லை. ஆனால் வாசித்துப் பார்த்தால் பெத்தாவைக் காணவில்லை. வானொலியில் செய்தி வாசிக்கிற யாரோ ஒரு அம்மா பேசினார்.

எல்லாவற்றையும் திரும்ப மறுகா ஆக்கினேன். அதற்காகப் பதிவை முதலில் இருந்து கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன். பெத்தாவிடம் இரண்டு மறுகா இருந்தன. ஒன்று ஓடுகிற மறுகா: "மறுகா பாதையால இறங்கி, மறுகா கோயிலடிக்குப் போய், மறுகா..." இது கதையை இழுத்துக்கொண்டு போகும். மற்றது நிற்கிற மறுகா. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருப்பார். திரும்பப் பேசும்போது கதை வேறு இடத்தில் இருக்கும். நாலரை மணி நேரத்தில் அப்படிப்பட்டவை ஏழு இருந்தன. ஒரு கொப்பியில் நேரத்தோடு குறித்து வைத்தேன். நாவலின் எலும்பு அந்தக் கொப்பிதான்.

அதற்கு வருமுன் கப்பல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெத்தா நல்ல உசாராகச் சொல்லும் கதை கப்பல் தாண்ட கதை, அதாவது மூழ்கிய கதை. "எங்கட ஊரளவு கப்பல் புள்ள. ஆகாசத்தில இருந்து குண்டு போட்டான். கரும்பொகை. கடலே எரியிற மாதிரி. நான் கண்டன்." தேடிப் பார்த்தேன், எல்லாம் பொருந்தியது. 1942 ஏப்ரல் 9. முந்திய இரவு திருகோணமலையில் இருந்து வெளியேறிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் குண்டு போட்டுத் தாழ்த்தின. கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் தாண்டது. ஹெர்மிஸில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது, சுழியோடிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். பெத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஆசையோடு ஒரு அத்தியாயம் எழுதினேன். ஒன்பது வயதுப் பிள்ளை கடற்கரை மணலில் வெறுங்காலோடு நிற்கிறாள், புகை எழுகிறது.

அம்மா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பெத்தா கலியாணம் முடிக்க முதல் கடலையே கண்டதில்லையே புள்ள."

உண்மைதான். படுவான்கரையில் வயலும் ஆறும்தான். கடல் அக்கரைக்கும் அப்பால். கப்பலைக் கண்டவர் அம்மப்பா. கல்லடிக் கடற்கரையில், பதின்மூன்று வயதுப் பெடியனாக. அதை அவர் பெத்தாவுக்கு எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. அவர் 1983இல் இறந்தார். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடம் பெத்தா அந்தக் கதையைத் தனியாக வைத்திருந்தார். வைத்திருந்து வைத்திருந்து, கண்டவரின் கண் கேட்டவரின் கண்ணாகிவிட்டது.

வரலாறாக எழுதியிருந்தால் வெட்டத்தான் வேண்டும். நாவலாக எழுதியதற்காக நான் மனதாரச் சந்தோசப்பட்டது அன்றுதான். இப்போது நாவலின் தொடக்கத்தில் ஒரு பெடியன் கடற்கரையில் நின்று கப்பல் தாழ்வதைப் பார்க்கிறான். கடைசிப் பகுதியில் ஒரு கிழவி திண்ணையில் இருந்து பேரப்பிள்ளைக்கு "நான் கண்டன்" என்கிறாள். இடையில் யாரும் எதையும் விளக்குவதில்லை. அவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு பிரியமாக இருந்தார்கள் என்று வேறு எங்கும் நான் எழுதவில்லை.

முதல் வரைவின் இன்னொரு பிழை, பெத்தாவின் வாழ்க்கையை அழிவுகளின் வரிசையாக அடுக்கியது. 1957 வெள்ளம், 1978 புயல், 1990 யுத்தம், 2004 சுனாமி, 2007 இடப்பெயர்வு. கிழக்கில் ஒரு முழு ஆயுள் வாழ்ந்த யாரை எடுத்தாலும் இந்த வரிசை கிடைக்கும். பெத்தாவும் "வெள்ளம் வந்த வருசம்", "புயலடிச்ச வருசம்" என்றுதான் காலம் சொல்வார். ஆனால் அந்த வருடத்துக்குள் அவர் வைத்திருந்த பொருள் வேறு.

1978 நவம்பர் 23 இரவு அடித்த புயலில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பில் ஐம்பத்தைந்து வயது தாண்டிய யாரிடமும் அதற்கு ஒரு கதை உண்டு. பெத்தா அந்த இரவை மூன்று வசனத்தில் முடித்துவிடுவார். பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே. தான் றங்குப்பெட்டிக்கு மேலே, பெட்டி பறக்காமல். விடியப் பார்த்தால் வெளிச்சம் கூடிப்போச்சு. மரங்கள் எல்லாம் விழுந்துவிட்டதால் வெளிச்சம் கூடியிருந்தது என்பதை நான் இரண்டாம் தரம் கேட்டபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிடம் சிவலைப் பசுவின் கதை. புயலுக்கு முதல்நாள் மேய்ச்சலுக்குப் போன சினைப்பசு. மூன்று நாள் தேடினார்கள். ஆற்றோரமெல்லாம் செத்த மாடுகள். ஐந்தாம் நாள் மத்தியானம் அது தானாக வந்தது. வயிற்றளவு சேறு, ஒரு கொம்பு முறிந்து, கழுத்துக் கயிறு பின்னால் இழுபட. வேலி முழுவதும் போய்விட்டது, வளவு நாலு பக்கமும் வெளியாகக் கிடந்தது. எந்தப் பக்கத்தாலும் உள்ளே வரலாம். பசு வரவில்லை. ஒழுங்கைப் பக்கம் கடப்பு இருந்த இடத்துக்கு நேரே வந்து நின்றது. யாராவது திறப்பார்கள் என்று நின்றது.

"மறுகா நான் போய், கடப்பு இருந்த இடத்தில நிண்டு, கையால தட்டி விடுற மாதிரி விட்டு, 'வாகா' எண்டன். மறுகாதான் உள்ள வந்திச்சு."

இந்த அத்தியாயத்தில் என் கற்பனை ஒரு சொல்கூட இல்லை. வாசித்த இருவர் "இது மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு, குறைக்கலாம்" என்றார்கள். குறைக்கவில்லை.

இப்போது நிற்கிற மறுகாவுக்கு வருகிறேன்.

1957 டிசம்பர் வெள்ளம். பாதை ஓடவில்லை, படுவான்கரை முழுக்கத் தனித்துப்போனது. பதிவில் பெத்தா சொல்கிறார்: "தண்ணி வளவுக்குள்ள வந்திச்சு. வீட்டுக்குள்ள வந்திச்சு. பரண் கட்டி அதில கிடந்தம். மறுகா." அதற்குப் பின் ஒன்பது விநாடி. காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் அந்த ஒன்பது விநாடிக்குள் பாக்குவெட்டி மூடும் சத்தம் ஒரு தரம் கேட்கிறது, தூரத்தில் ஒரு காகம். "மறுகா வெள்ளம் வத்திச்சு."

குடிசன மதிப்புக்கு வந்தவர்கள் எத்தனை பிள்ளை என்று கேட்டால் பெத்தா ஆறு என்பாராம். நாங்கள் அறிய அவருக்கு ஐந்து பிள்ளைகள். அம்மா மூத்தவர், வெள்ளம் வந்தபோது அவருக்கு நாலு வயது. அவருக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு காட்சி: அம்மப்பா ஒரு சின்னப் பன்பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் மேட்டுப்பக்கம் நடந்து போகிறார். பெத்தாவின் தங்கை மிச்சத்தைச் சொன்னார். பெண்பிள்ளை. பதினொரு நாள். துடக்குக் கழிய முதல், பேர் வைக்க முதல்.

நான் பேர் வைத்தேன். நல்ல பேர். மழை இரவில் பரணில் இருந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே பெத்தா அந்தப் பேரை அம்மப்பாவிடம் மெல்லச் சொல்வதாக எழுதினேன். ஆறு வருடத்தில் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. அந்தப் பக்கத்தில் பிள்ளை உயிரோடு இருந்தது, கூப்பிட ஒரு பேரோடு இருந்தது.

அம்மா வாசித்தார். அழவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பேரில்ல புள்ள. பெத்தா வைக்கல்ல. நீ வைக்காத."

நான் வாதாடினேன். இது நாவல், நடந்ததை மட்டும் எழுதுவதென்றால் நாவல் எதற்கு, வயிற்றில் பத்து மாதம் சுமந்தவர் ஒரு பேரை நினைக்காமலா இருந்திருப்பார் என்றேன்.

"நினைச்சிருப்பா. ஏன் நினைக்காம. நினைச்சதச் சொல்லாமத்தானே வெச்சிருந்தா. அம்பத்தஞ்சு வருசம்."

அன்றிரவு நித்திரை வரவில்லை. அம்மா நாவல் எழுதியவர் அல்ல, வாசிப்பதும் குறைவு. ஆனால் நான் ஆறு வருடமாகத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டார். பெத்தாவின் கதையில் ஆயிரம் வெற்றிடம் இருந்தது. கலியாணத்தன்று என்ன சீலை, பாதையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது யார் முதலில் இறங்கினார்கள், முதல்நாள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், எதுவும் தெரியாது. அவற்றையெல்லாம் தயக்கமில்லாமல் நிரப்பினேன், இன்றும் அதில் எனக்கு உறுத்தல் இல்லை. யாரும் எடுத்து வைக்காததால் தொலைந்தவை அவை. இந்தப் பிள்ளையின் பேர் தொலைந்ததல்ல. பெத்தா அதை வெறுமையாகவே வைத்துக் காத்தார். ஆறு பிள்ளை என்று கணக்குச் சொன்னார், பேர் சொல்லவில்லை. அந்த வெறுமைதான் அவர் அந்தப் பிள்ளைக்குச் செய்த ஒரே காரியம். அதன்மேல் நான் என் சொல்லைப் போடுவது, ஒருவர் பூட்டி வைத்த அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதுபோல் இருந்தது.

பக்கத்தை எடுத்துவிட்டேன். நாவலில் அந்த இடத்தில் 'மறுகா' என்று ஒரு சொல் தனியாக ஒரு வரியில் நிற்கிறது. அடுத்த வரியில் வெள்ளம் வற்றுகிறது.

கொப்பியில் குறித்த ஏழில் இன்னொன்று சின்ன மாமாவைப் பற்றியது. 1990இல் வீட்டில் இருந்து போனவர், வரவில்லை. அந்த வருடத்தைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் கையெழுத்துப்படியை வாசித்துவிட்டு நடுச்சாமத்தில் தொலைபேசி எடுத்தாள். "கதைதானேடி. கடைசி அத்தியாயத்தில அவரைக் கொண்டு வாவன்." குரல் உடைந்திருந்தது. என்னால் முடியவில்லை. அவருக்கு ஒரு சாவை எழுதவும் முடியவில்லை. பெத்தா அவரைப் பற்றிப் பேசும்போது கடைசிவரை நிகழ்காலத்தில்தான் பேசினார்: "அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது." நாவலிலும் சின்ன மாமா நிகழ்காலத்திலேயே இருக்கிறார். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது.

உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை மாற்றினேன். ஊர்ப் பெயர்களை மாற்றவில்லை. ஒரு பழைய வேலிச் சண்டையை அந்தக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன், கதைக்கு அது தேவையும் இல்லை.

நடந்த கதையா என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வைகாசிச் சடங்கு நினைவு வருகிறது. கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை பாடும்போது பெத்தா மணலில் கால் நீட்டி இருப்பார். கோவலனுக்கு என்ன நடக்கும் என்று அவருக்கு எழுபது வருடமாகத் தெரியும். அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முந்தானையைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வார். இது நடந்ததா என்று பக்கத்தில் இருந்த யாரும் யாரையும் கேட்டதில்லை.

போன மாதம் அம்மா வீட்டை என் பெயருக்கு எழுதினார். நொத்தாரிசு பழைய உறுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வடக்கு வளவின் பெயர் மாறிவிட்டது, அங்கே இப்போது பேரன் இருக்கிறான். ஒழுங்கை இருக்கிறது. கோயில் காணி இருக்கிறது. ஆறு இருக்கிறது.

"வடகிழக்கு மூலையில் புளியமரம்?"

"அது புயலில விழுந்திட்டுது," என்றார் அம்மா.

"அப்ப எடுத்துவிடுவம்," என்று நொத்தாரிசு பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"புத்தகத்தில நிக்குதுதானே?"

"நிக்குது அம்மா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.